கேட்காமல் வரும் காற்று

அந்த வீட்டில் மறுபடியும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம். பாலும் பொங்கவில்லை, பாம்பும் வரவில்லை, துருத்தி கடலுக்குள் மூச்சுவிட வைத்திருக்கும் ரெகுலேட்டர்தான். முந்தின வாரம் பிரித்து, கழுவி, கோத்து, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அவர் மனைவி கொடுத்தனுப்பியிருந்தாள். போகும்போது பெட்டிப்பாம்பாகப் போனது, வரும்போது இரைந்துகொண்டு வந்திருக்கிறது. இப்படி வருவது முதல் தடவையுமில்லை.

துருத்தி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கி, அங்கே அப்பிக்கிடக்கிற சிப்பியையும் பாசியையும் சுரண்டுகிற வேலை அவருக்கு. கூட இறங்கியவர்கள் முதுகில் கட்டிய டேங்கில் காற்று தீர்ந்து மேலே வந்து, டீ குடித்து, வம்பளந்து, ஈர உடுப்பைக் காயப்போட்டு முடிக்கிற வரைக்கும் அவர் கீழேயே இருப்பார். சாவகாசமாக மேலே வரும்போதும் டேங்கில் மிச்சம் வைத்திருப்பார். “இந்த ஆளு நெஞ்சுக்குள்ள கொல்லன் பட்டறைத் துருத்தி இருக்குடா” என்று யாரோ சொன்னது ஒட்டிக்கொண்டது. கப்பலில் ஒட்டின சிப்பியைச் சுரண்டி எடுக்கலாம், மனிதன் மேல் ஒட்டின பட்டப்பெயரை எடுக்க முடியுமா? அவருக்கும் எடுக்கிற எண்ணமில்லை. யாராவது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

மனைவிக்கு வாஷரக்கா என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் காஸ் அடுப்பு பழுது பார்க்கும் கடையில் இருந்தவள். அடுப்பு ரெகுலேட்டரும் முங்குகிறவர்களின் ரெகுலேட்டரும் ஒன்றுவிட்ட பங்காளிகள்தான் என்று சொல்லி, கணவருடையதைப் பிரித்துப் போட்டாள். பிரித்ததை அவளுக்கு மறுபடி கோக்கத் தெரியாமல்போக, அவர் சில நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார் என்பதும் உண்மை. அதற்குப் பிறகு முறையாகப் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். துறைமுகத்தில் முங்குகிறவர்கள் அத்தனை பேருடைய ரெகுலேட்டரும் வருஷம் ஒரு தடவையாவது அவள் மேசைக்கு வந்துவிடும். பெற்ற பிள்ளை இல்லாத வீட்டில் அந்த மேசைதான் எப்போதும் பிள்ளை இறைத்துப் போட்டதுபோல் இருக்கும்.

மாடி வீடு. சமையலறைக்கு அடுத்த அறையில் ஜன்னல் ஓரம் மேசை, அதன்மேல் வெள்ளைத் துண்டு. கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று விழுந்தாலும் வெள்ளையில் தெரியும். வினிகர் ஊற்றிய கிண்ணம், பல் தேய்க்கும் பிரஷ், பூதக்கண்ணாடி, ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டிய டேங்க். காற்று அடிக்கிற நாளில் ஜன்னலைச் சாத்திவிடுவாள். தூசி ஒன்று உள்ளே போய் உட்கார்ந்தால் போதும், கடலுக்குள் ஒருவனுக்கு வினையாகிவிடும்.

ரெகுலேட்டரில் இரண்டு பாகம். டேங்கின் கழுத்தில் மாட்டுவது ஒன்று. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றின் முரட்டுத்தனத்தை அது முதலில் அடக்கும். வாயில் கடித்துக்கொள்வது இன்னொன்று. மூச்சை இழுத்தால் அதிலுள்ள சின்னக் கதவு திறக்கும், நிறுத்தினால் சாத்திக்கொள்ளும். கேட்டால்தான் கொடுக்கும். கேட்காமலே வாய்ப்பக்கம் காற்று வந்தால் குற்றவாளி இரண்டு பேரில் ஒருவர்: கழுத்துப் பாகம் அடக்க வேண்டிய அளவுக்கு அடக்கவில்லை, அல்லது வாய்ப் பாகத்தின் கதவு சரியாகச் சாத்தவில்லை.

வாஷரக்கா வாய்ப் பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்துப் பாகத்தில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, டேங்கைத் திறந்தாள். முள் ஏறி ஓரிடத்தில் நின்றது. நிற்கிறதா, நழுவி மேலே ஏறுகிறதா என்பதுதான் சோதனை. அடுப்பில் சோறு வெந்து, வடித்து முடிக்கிற வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை. சரி, கழுத்துப் பாகம் நிரபராதி. வாய்ப் பாகத்தைப் பிரித்தாள். கதவின் ரப்பரில் பதிந்த வட்டம் ஒரே சீராக இருந்தது. அது போய் உட்கார்கிற விளிம்பில் கீறல் இல்லை. ஸ்பிரிங் சரி, நெம்புகோல் சரி. விளிம்பை ரப்பரோடு நெருக்கி வைக்கிற திருகு மட்டும் தளர்ந்திருந்தது. அவளே பார்த்துப் பார்த்து முறுக்கிய திருகு.

“ஆண்டவனே, நான் முறுக்கினேனா, முறுக்கினதா நினைச்சுக்கிட்டேனா?” என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டாள்.

ரெகுலேட்டரைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி. துருத்தியோடு ஜோடியாக இறங்குகிறவன். தண்ணீருக்குள் யாரும் தனியாகப் போவதில்லை. ஒருவன் காற்று தீர்ந்தால் மற்றவன் தன் காற்றைக் கொடுத்து மேலே கூட்டிவர வேண்டும். அவன் வாசலிலேயே நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான்.

“அக்கா, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“ஈரத்தோட நிக்காத. உள்ள வந்து உக்காந்து சொல்லு.”

“பசங்க பேசறாங்கக்கா. வாஷரக்கா கைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு. பல்லன் அவன் ரெகுலேட்டரை வேற எடத்துல குடுத்துட்டான்.”

“பல்லனா? அவனுதுக்குள்ள கரப்பான் குடும்பம் நடத்திட்டு இருந்துச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு நான்தான்டா கழுவிக் குடுத்தேன்.”

“அதையும் சொல்லிச் சிரிச்சான். சிரிச்சிட்டுத்தான் வேற எடத்துல குடுத்தான். மேஸ்திரியும் ஒரு மாதிரியா பாக்கறாரு. மாமா டேங்க் இப்பல்லாம் பாதி வேலையிலயே தீந்துடுது. லீக்கு லீக்குன்னா எத்தனை தடவைக்கா சொல்றது?”

துருத்தி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் துண்டிலிருந்து முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்:

“அவளை என்னடா கேக்கற? வயசாகுதில்ல. கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வரலாம். கை வேற நடுங்குதோ என்னவோ.”

தம்பி சட்டென்று மாமாவைப் பார்த்தான். வாஷரக்கா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் உப்பு குறைந்ததென்று கூடச் சொல்லாத மனிதர் அவர். அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். மறுநாள் தானாகவே போய்க் கண்ணைக் காட்டினாள். பார்வையில் ஒரு குறையும் இல்லையென்று சொன்னார்கள். குறையிருக்கிறது என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் அவளுக்கு.

இந்தத் தடவை கோத்து முடித்ததும் ஒரு காரியம் செய்தாள். எந்தக் கல்யாணத்துக்கோ வாங்கி, ஒரு தடவை பூசி, வினிகரில் கைவைக்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று தூக்கிப்போட்ட சிவப்பு நகப்பாலிஷ் ஒன்று அலமாரியில் கிடந்தது. திருகுக்கும் அது உட்காரும் உலோகத்துக்கும் குறுக்காக மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள். திருகு தானாக நழுவினாலும், யாராவது திருப்பினாலும் கோடு உடைந்து விலகிவிடும். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் உஷ்ணக்காற்று. துணி கொடியில் போட்டதும் முறுகிவிடும், மேசைத் துண்டை நனைத்துப் பிழிந்து விரிக்கவேண்டியிருந்தது. சாயங்காலம் துருத்தி படியேறி வரும் சத்தம் கேட்கும். பாதியில் நின்றுவிடும். படி திரும்புகிற இடத்தில் எல்லா வீட்டுத் தண்ணீர் மீட்டரும் வரிசையாக இருக்கும்; அங்கே நின்று ஒவ்வொரு மீட்டராகக் குனிந்து பார்ப்பார்.

“மீட்டர் பாக்கற வேலையை உங்களுக்கு யாரு குடுத்தா?” என்று அவள் மேலிருந்து கேட்பாள்.

“கீழ் வீட்டுக்காரன் தண்ணியா செலவழிக்கறான்டி. பாரு, எப்படி ஓடுதுன்னு.”

“தண்ணியைத் தண்ணியாத்தான் செலவழிக்க முடியும். வாங்க மேல.”

அவள் சிரிப்பாள், அவரும் கீழேயிருந்து சிரிப்பார். ஆனால் உடனே வரமாட்டார்.

வார முடிவில் தம்பி ரெகுலேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பைக்குள்ளேயே இரைகிறது என்றான். அவன் முன்னாலேயே வாய்ப் பாகத்தில் சேரும் குழாயைக் கழற்றி, உள்ளேயிருந்த திருகைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். சிவப்புக் கோடு இரண்டாக உடைந்து, ஒரு துண்டு அந்தப்பக்கம், ஒரு துண்டு இந்தப்பக்கம் நின்றது. அரைச் சுற்றுக்கும் மேல் விலகியிருந்தது. தானாக நழுவுகிற திருகு இவ்வளவு போகாது. திருகு முறுக்கும் சாவி போட்டு யாரோ திருப்பியிருக்கிறார்கள்.

“ஏன்டா இப்படிப் பண்ணின?” என்றாள்.

“என்ன பண்ணினேன்?”

“எனக்கு வந்த பேரு போதாதாடா? கூடப் பொறந்தவளைக் கேவலப்படுத்தி உனக்கு என்ன கெடைக்கப்போகுது? விளையாட்டா? பல்லனோட சேந்துக்கிட்டா?”

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. “அக்கா, மாமா ரெகுலேட்டர் லீக்கானா மாமா காத்து தீரும். மாமா காத்து தீந்தா என் காத்தைத்தான் குடுக்கணும். என் உயிரு மேல நானே கை வைப்பேனா?”

அவள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“இவ்வளவு கேட்டுட்ட, நானும் சொல்லிடறேன். மாமா கீழ வந்து வேலை செய்யறதில்லக்கா. கப்பலைக் கையால பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அவரு பங்கையும் நான்தான் சுரண்டறேன். என்னன்னு கேட்டா விரலை வட்டமா பிடிச்சு நல்லாத்தான் இருக்கேன்னு காட்டறாரு. நல்லா இருக்கறவன் எதுக்குக்கா நிக்கணும்?”

அவன் டீ கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவள் அந்தத் தளர்ந்த ரெகுலேட்டரை டேங்கில் மாட்டித் திறந்தாள். இரைந்தது. அதை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இழுக்க வேண்டியிருக்கவில்லை. உதட்டைத் திறந்தால் போதும், காற்று தானாக உள்ளே வந்தது. முடியாத ஆளுக்குக் கஞ்சியைக் கரண்டியால் புகட்டிவிடுவதுபோல் வந்தது. இத்தனை நாளும் இதை லீக் என்றுதான் பார்த்திருந்தாள். பழுது என்று நினைத்து அவள் சரிசெய்து அனுப்பியது ஒவ்வொன்றும் அவருக்குப் பழுதாகப் போயிருக்கிறது. ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமலே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலையில்லை. சாப்பிட்டு முடித்தவரை மேசைக்குக் கூப்பிட்டாள். ரெகுலேட்டரைச் சரியான அளவில் முறுக்கி வைத்திருந்தாள், சத்தமே இல்லை.

“இதை வாயில வைங்க.”

“எதுக்கு?”

“வைங்கன்னா வைங்க. விஷமா குடுக்கறேன்?”

வைத்தார். முதல் மூச்சு நன்றாகவே இழுத்தார், அவளுக்காக இழுத்தார். அடுத்ததுக்குத் தோள் தூக்கிக்கொண்டது. அப்புறம் கழுத்து நரம்பு புடைத்தது. வாயிலிருந்து எடுத்துவிட்டு, “ரொம்ப டைட்டா முறுக்கிட்ட,” என்றார்.

அவள் அதை வாங்கித் தன் வாயில் வைத்து இழுத்துக் காட்டினாள். ஒரு பாடும் படாமல் வந்தது. பிறகு டேங்கை மூடி, குழாயைக் கழற்றி, சாவி போட்டுத் திருகைத் தளர்த்தி, மறுபடி மாட்டித் திறந்தாள். அறை முழுக்க ‘ஸ்ஸ்’ என்றது.

“இந்தாங்க. உங்க அளவு.”

துருத்தி அதை வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் டேங்கை மூடினாள்.

“எப்பலேர்ந்து?” என்றாள்.

“போன மழைக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா. கீழ போனா நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கும். ஒரு நாளு உன் சாவியை எடுத்துட்டுப் போயி லேசா தளர்த்திப் பாத்தேன். சொகமா இருந்துச்சு. அதுவா குடுத்துச்சு, நான் இழுக்க வேண்டியிருக்கல.”

“டாக்டர்கிட்ட காட்டலாமில்ல?”

“காட்டினேன்.”

“யாரோட போனீங்க?”

“தனியாத்தான்.”

“தண்ணிக்குள்ள ஜோடி இல்லாம போகாதேன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்க. இதுக்கு மட்டும் தனியா போனீங்களா?” அவள் குரல் உடைந்தது. “என்ன சொன்னாரு?”

“நுரையீரல் தடிச்சுப் போச்சாம். விரிய மாட்டேங்குதாம். இருக்கறதை வச்சு ஓட்டலாமாம், சரி பண்ண முடியாதாம். இனிமே இறங்கினா ஏற மாட்டீங்கன்னாரு. மனுஷன் மூஞ்சிக்கு நேரா சொல்றாரு.”

அவளுக்குக் கோபம் வந்தது. அதற்கும் முன்னால் பயம் வந்து நின்றுகொண்டது.

“என் கை நடுங்குதுன்னு சொன்னீங்க. கண்ணைக் காட்டச் சொன்னீங்க. நான் போய்க் காட்டிட்டு வந்தேங்க, தெரியுமா உங்களுக்கு? ஊரே என் கையைப் பாத்துச் சிரிக்குது. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க.”

துருத்தி நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பேச மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது. இத்தனை நாள் அதைக்கூட அவளுக்குத் தெரியாமல் செய்திருக்கிறார்.

“உன் மேல குத்தம்னா கண்ணாடி போட்டுக்கலாம், கை மாத்திச் செய்யலாம். நாலு நாளு பேசுவாங்க, மறந்துடுவாங்க. என் மேல குத்தம்னா என்னத்தை மாத்தறது சொல்லு? துருத்தின்னு கூப்பிடறவன் நாளைக்கு என்னன்னு கூப்பிடுவான்?”

“கீழ மயங்கிட்டீங்கன்னா?”

“உன் தம்பி இருக்கான்ல.”

“அவன் உங்களைத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள அவன் காத்தும் தீந்துபோச்சுன்னா? அவனை உங்க கையில நான்தாங்க புடிச்சுக் குடுத்தேன்.”

 மேசைத் துண்டின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். வெளியே மேகம் கட்டிக்கொண்டு வந்தது, ஆனால் பெய்யவில்லை.

“சரி, இறங்கல. இனிமே இறங்கவே இல்ல. ஆனா துருத்திக்கு மூச்சு போச்சுன்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது. அது மட்டும் வேணாம். உன் தம்பிக்கும் தெரிய வேணாம்.”

அவள் யோசித்தாள். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வழிதான், வேறென்ன. ஊருக்குச் சொல்லப்போவது இது: ரெகுலேட்டர் உடம்பில் விரிசல் விட்டுவிட்டது. தானே அளவுக்கு மேல் முறுக்கி உடைத்துவிட்டாள். அந்த மாடலுக்கு இப்போது சாமான் கிடைப்பதில்லை. அவருக்கோ வேறு ரெகுலேட்டர் பழக்கமில்லை. அது போனதோடு அவரும் போதும் என்று கரையேறிவிடுகிறார். கௌரவமாக.

“உன் பேரு கெட்டுடுமே,” என்றார் அவர்.

“ஏற்கெனவே கெட்டுத்தானே கெடக்குது. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? முங்கறவருக்கு நான் சொல்லணுமா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் நிற்கிற வரைக்கும் அவர் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒளிக்க வேண்டியதில்லை என்றானபின் அவர் அன்றைக்கு மீதிப்பொழுதெல்லாம் இருமினார். அவள் தம்பிக்கு ஆள் அனுப்பி, ரெகுலேட்டர் உடைந்துவிட்டது, மாமா இனி இறங்கமாட்டார் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் வேலை நின்றுபோன நேரத்தில் மேஸ்திரி வந்துவிட்டார், தம்பியையும் கூட்டிக்கொண்டு. படியெல்லாம் ஈரக்கால். மேஸ்திரி கனத்த மனிதர். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. அந்தப் பெரிய மனசுதான் அன்றைக்கு வினையாயிற்று.

“என்னம்மா வாஷரக்கா, கடைசியில ஒடச்சே போட்டியாமே?”

“ஆமாங்க மேஸ்திரி. என் தப்புதான்.”

“வாரா வாரம் லீக்கு. இப்ப விரிசல். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ பரவாயில்ல, தப்பை ஒத்துக்கற.” நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டார். “சரி, அதுக்காக? ஒரு ரெகுலேட்டர் ஒடஞ்சதுக்காகத் துருத்தி வேலையை விடறதாவது? யாராவது செருப்பு அறுந்ததுக்குக் காலை வெட்டுவாங்களா?”

துருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேஸ்திரி விடவில்லை. பையைத் திறந்து மேசைமேல் ஒன்றை எடுத்து வைத்தார். பளபளவென்று இருந்தது, அவருடைய சொந்த ரெகுலேட்டர்.

“நான் இப்ப இறங்கறதில்ல, சும்மாத்தான் கெடக்கு. நீ வச்சுக்கோ. இனிமே அது உன்னுது. மழை விட்டதும் பெரிய கப்பல் ஒண்ணு வருது, நீ இல்லாம எனக்கு ஆகாது. பழக்கமில்ல கிழக்கமில்லன்னு சொன்னே, பல்லை ஒடச்சுடுவேன்.”

தம்பி கைதட்டாத குறைதான். “மாமா, இதுல மூச்சு விட்டா மூச்சு விடறதே தெரியாதாம்!”

துருத்தி அதைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறாள். இனிமேல் இறங்கவே இல்லை என்று நேற்று சொன்ன மனிதர், இல்லை என்று சொல்லாமல் நின்றார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. ஒரே ஒரு கப்பல் என்றது அது.

“நீ ஒரு தடவை செட் பண்ணிக் குடுத்துடும்மா,” என்றார் மேஸ்திரி. “பயப்படாத, ஒடயாது.”

அவள் அதை வாங்கி டேங்கில் மாட்டித் திறந்தாள். நல்ல சாமான், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மேசைமுன் நின்றபடி, அவர்களுக்கு முதுகைக் காட்டி, யோசித்தாள். சரியாக இருக்கிறது என்று கொடுத்தால் அவர் இறங்குவார். கூடத் தம்பியும் இறங்குவான். விஷயத்தைப் போட்டு உடைத்தால் அவர் இந்த அறையிலேயே செத்துப்போவார். இதுவும் கெட்டுப்போனால்? மேஸ்திரிக்குக் கோபம் வரும். சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். திட்டு தனக்கு, உயிர் இவர்களுக்கு.

டேங்கை மூடினாள். குழாயைக் கழற்றிச் சாவியைப் போட்டாள். திருப்பினாள், அதற்கு மேலும் திருப்பினாள். மாட்டித் திறந்தாள்.

‘ஸ்ஸ்’ என்று பிடித்துக்கொண்டது. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மேஸ்திரி எழுந்தே விட்டார். “என்ன பண்ணித் தொலைச்ச? நல்லா இருந்ததும்மா!”

“லீக்காகுதுங்க மேஸ்திரி.”

“லீக்காகுதா, ஆக்கினியா? கண்ணெதிர்ல இருந்த சாமானை... உன் கை பட்டா எதுவும் உருப்படாதா? பல்லன் சொன்னப்ப நான்தான் அவனைத் திட்டினேன். இனிமே எவன் ரெகுலேட்டரும் இந்த வீட்டுப் படி ஏறாது, சொல்லிட்டேன். உயிரு சமாச்சாரம்மா இது!”

“அக்கா...” என்றான் தம்பி. தலையைக் குனிந்துகொண்டான்.

“என் கை இப்ப அப்படித்தாங்க ஆயிடுச்சு,” என்றாள் வாஷரக்கா. “நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க. இவரு இறங்க வேணாம்.”

துருத்தி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். லீக்கானாலும் பரவாயில்லை, நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவருக்கு வேண்டிய அளவில்தான் அது இரைந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போக ஒரு கை நீட்டினால் போதும். கையும் நீண்டது. ஆனால் ரெகுலேட்டர் பக்கம் போகவில்லை. சாவியைப் பிடித்திருந்த அவள் கையைப் போய்ப் பிடித்தது.

“அவ கையைச் சொல்லாதீங்க மேஸ்திரி.”

“நீ சும்மா இருப்பா, உனக்குப் பொண்டாட்டி...”

“அவ கையில ஒரு குத்தமும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. வாரா வாரம் தளர்த்தினது நான். எனக்கு... மூச்சு இழுக்க முடியல மேஸ்திரி. அதுவா குடுத்தாத்தான் வாங்க முடியுது. அது தெரியக்கூடாதுன்னு பழியை இவ மேல போட்டேன். இவளும் வாங்கிக்கிட்டா. இப்பவும் வாங்கிக்கிட்டா, பாருங்க.”

மேஸ்திரி நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார்.  தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது.

“மேஸ்திரி குடுத்ததை நீ வச்சுக்கோ,” என்று துருத்தி அவனிடம் சொன்னார். “நல்ல சாமான்.” பிறகு மனைவியிடம், “டைட் பண்ணும்மா. அவன் அளவுக்கு.”

அவள் டேங்கை மூடினாள். கண்ணீரில் திருகு தெரியவில்லை. விரலே வழி தெரிந்து முறுக்கியது. குழாயை மாட்டி மறுபடி திறந்தாள். இரைச்சல் இல்லை. மழையும் அந்த நேரத்தில் கொஞ்சம் விட்டிருந்தது. அந்த அறையில் அப்போது ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது. துருத்தி மூச்சு விடுகிற சத்தம். இத்தனை நாள் ரெகுலேட்டரின் இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததை எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.